வீரசோழன் வட்டாரப் பொத்தான் பலகை: ஓர் ஆய்வுரை

ரயிலே வராத ஊரில்தான் ரயிலைப் பற்றி நடுநிலையோடு ஆராய முடியும். வீரசோழனுக்கு அந்தத் தகுதி முழுமையாக உண்டு. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போகும் பாதை இந்த ஊரைத் தொடுவதில்லை. ஆட்டுச்சந்தைக்கு வியாபாரியும் வேனில் வருகிறார், ஆடும் வேனில் வருகிறது. ஆகவே அந்தப் பாதையில் ஓடும் சிலம்பு எக்ஸ்பிரஸ் இன்று எவ்வளவு லேட் என்கிற லௌகீகக் கவலை நமக்கு இல்லை. மேசைமேல் டிஜிட்டல் முறையில் ஓடும் மாதிரி ரயிலுக்குப் பொத்தான் பலகை வேண்டுமா, வேண்டாமா என்ற ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தலாம்.

முதற்கண் அளவு. உலகில் பெரிதும் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாமே 87இல் ஒரு பங்கு. விருதுநகர்–மானாமதுரைப் பாதை சுமார் 65 கிலோமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு மேசை வேண்டும். சித்திரையில் வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள்தான் அதைப் போட முடியும். மழை பெய்தால் ஆய்வு மூழ்கும் என்பது உண்மையே. இந்த வட்டாரத்தில் அதை ஓர் அபாயமாக யாரும் கருதுவதில்லை. கரையோரச் சீமைக்கருவேலக் குச்சியை ஒடித்து நட்டால் மரத்துக்கு மரமும் ஆயிற்று, நீராவி இன்ஜினுக்குக் கரியும் ஆயிற்று.

தண்டவாள அகலத்தில் ஒரு சங்கடம் உண்டு. எச்.ஓ. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர், அதாவது ஐரோப்பியர் பாதை. நம் அகலப்பாதையோ 1,676. அறுபதுகளில் மீட்டர் கேஜாகப் போட்டு, 2013இல் பெரும் செலவில் அகலமாக்கிய பாதையை நாம் மேசைமேல் சத்தமில்லாமல் 24 சென்டிமீட்டர் குறுக்கிவிடுகிறோம். இதை ரயில்வே அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இனிப் பூர்வபட்சம். பலகை வேண்டாம் என்பார் கூற்று வருமாறு: பழைய முறையில் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து மின்சாரம் விட்டார்கள். சுவிட்ச் பெருகியதால் பலகை பிறந்தது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்து, அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் தொண்ணூறுகளில் பொது விதியாக்கிய டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறையில் அந்தத் தேவை ஒழிந்தது. இரண்டே கம்பி. தண்டவாளம் முழுவதும் எப்போதும் மின்சாரம். கட்டளை அதே மின்சாரத்தில் துடிப்பாக ஏறிவருகிறது: 58 மைக்ரோ விநாடியில் புரண்டால் ஒன்று, 100க்குக் குறையாமல் நீண்டால் பூஜ்யம். இன்ஜினை மட்டுமல்ல, தடம் மாற்றும் பாயிண்டுகளையும் இப்படியே ஏவலாம். 2,044 வரை எண் கொடுக்க இடமுண்டு. கையடக்க ரிமோட் ஒன்று இருக்க, பலகை எதற்கு?

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். எந்தக் கட்டளையும் தண்டவாளத்தில் நிற்கும் எல்லா இன்ஜின்களுக்கும் போய்ச் சேரும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் உள்ள டீகோடர் அதைப் படித்து, இது எனக்கா, நான் யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டாக வேண்டும். ரமணர் 1879இல் பிறந்த திருச்சுழி பக்கத்திலேயே இருப்பதால் இந்த விசாரணை இப்பகுதிக்குப் புதிதன்று. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் டீகோடர்களுக்கு வழக்கமாக இடப்படும் முகவரி 3. ஆக, புது இன்ஜின்கள் அத்தனையும் விசாரித்து முடித்து, ‘நான் 3’ என்ற ஒரே முடிவுக்கு வந்து, ஒன்றாகக் கிளம்பி ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அத்வைதம் மேசைமேல் நடைமுறைக்கு ஒத்துவராது என்பதற்கு இதுவே சான்று. முகவரியை மாற்றி எழுதிப் பேதம் கற்பித்த பிறகே போக்குவரத்து நடக்கிறது.

பூர்வபட்சத்தை மறுத்து நாம் இயற்றிய நூற்பா:

தொட்டால் ஆவதும் ஆனது காட்டலும்
இட்ட இடத்தே இருத்தலும் பலகை.

கடைசிச் சொற்றொடரிலிருந்து உரை தொடங்குகிறது. ரயில் பாயிண்டை நெருங்குகிறது. லூப் லைனுக்குத் திருப்ப வேண்டும். அந்தப் பாயிண்டின் எண் 37ஆ, 73ஆ? ரிமோட்டில் தேடி அடிப்பதற்குள் இன்ஜின் மெயின் லைனில் நிற்கும் சரக்கு வண்டிமேல் ஏறிவிடுகிறது. பலகையில் எண்ணே வேண்டாம். பிளைவுட் மேல் மைக்கா ஒட்டி, இன்சுலேஷன் டேப்பை மெல்லியதாகக் கீறி நரிக்குடி நிலையத்தின் தண்டவாளப் படத்தை ஒட்டி, பாயிண்ட் எங்கே பிரிகிறதோ அங்கேயே துளைபோட்டுப் பொத்தான் வைத்தால், கை தானாக அங்கே போகும். ஆகவே இட்ட இடத்தே இருத்தல் என்றார்.

‘தொட்டால் ஆவது’ என்பதில் சுவிட்சின் சாதி பற்றிய சர்ச்சை அடங்கும். மேலும் கீழும் சாய்ந்து நிற்கும் டோகிள் சுவிட்ச் பார்க்கக் கம்பீரமானது. டிஜிட்டல் முறைக்கு ஆகாதது. என்னை? பலகையில் டோகிளைக் கீழே தள்ளித் திருப்பிய பாயிண்டை வேறொருவர் ரிமோட்டிலோ செல்போனிலோ மாற்றிவிட முடியும். பாயிண்ட் திரும்பிவிடும், டோகிள் மட்டும் பழைய நிலையிலேயே நின்று பொய் சொல்லும். அமுக்கி விட்டதும் மேலே வந்துவிடும் பொத்தானுக்கு நினைவே இல்லை, எனவே பொய்யும் இல்லை. அருப்புக்கோட்டை எலக்ட்ரிகல் கடை ஒன்றில் இந்தத் தத்துவம் சோதனைக்கு உள்ளானது.

“அண்ணாச்சி, புஷ் பட்டன் ஒரு பன்னெண்டு வேணும்.”

“காலிங் பெல் சுவிட்ச்தான் தம்பி இருக்கு. பன்னெண்டா? லாட்ஜ் கட்டுறீகளா?”

காலிங் பெல் சுவிட்ச் என்பது இலக்கணப்படியே சரியான விடை. அதன்மேல் அச்சிட்ட மணிப் படத்தைச் சுரண்டி எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

‘ஆனது காட்டல்’ மிக நுட்பமானது. பொத்தானை அமுக்கியதும் பச்சை எல்.இ.டி. எரிகிறது. பாயிண்ட் திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கட்டளை போயிற்று என்பதே பொருள். டி.சி.சி.யின் அடிப்படை முறையில் பாயிண்ட் டீகோடர் பதில் பேசாது. மனு கொடுத்ததற்குக் கிடைக்கும் ரசீது போன்றது அந்த விளக்கு. பாயிண்ட் நாக்கில் ஒரு கருவேல முள் சிக்கியிருந்தாலும் பச்சை பச்சையாகவே எரியும். மெய் தெரிய வேண்டுமானால் பாயிண்ட் மோட்டாரோடு வரும் காண்டாக்டிலிருந்து தனிக் கம்பி இழுத்துப் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டே கம்பி என்று தொடங்கிய தத்துவம் இந்த இடத்தில் நாற்பது கம்பியாகிறது. பூர்வபட்சத்தார் சிரிக்கட்டும்.

நிஜ ரயில்வேயின் பேனலில் பாயிண்டை மாற்ற நிலைய அதிகாரி இரண்டு பொத்தானை ஒருசேர அமுக்க வேண்டும். கைதவறித் தட்டி ரயில் திரும்பிவிடக் கூடாதே. அவசரமாக ஒரு ரூட்டை ரத்து செய்தால் கவுண்டர் ஒன்று கூடும், கணக்குக் காட்டியாக வேண்டும். மாதிரிப் பலகையில் கவுண்டர் வைப்பவரை இன்னும் காணோம். புணேயில் 1998 முதல் ஜோஷி மாதிரி ரயில் காட்சியகம் இருக்கிறது. அங்கே ரயில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வரும் யாரும் இத்தகைய ஒழுக்கக் கேள்விகளை எழுப்புவதில்லை.

எஞ்சியது அவசர நிறுத்தப் பொத்தான். டி.சி.சி.யில் பூஜ்ய முகவரிக்கு விடும் கட்டளை எல்லா இன்ஜினுக்கும் பொது. ‘நில்’ என்றால் அத்தனையும் நிற்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் கழகத்தில் அந்நாளில் இப்பொத்தானை அமுக்கினால் டிஜிட்டல் கடிகாரமும் நின்று, மணிக்குப் பதில் ‘ஃபூ’ என்று காட்டுமாம். வீரசோழனுக்கு இவ்வளவு வேண்டாம். இங்கே முக்கியம் பொத்தானின் உயரம். மேசைமேல் நட்ட கருவேலக் குச்சியில் இரண்டு காய் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், ஆடு முன்னங்காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துவிடும். கால் எங்கே படுமோ அங்கேயே சிவப்புப் பொத்தானை வைக்க வேண்டும் என்பது எம் துணிபு. தண்டவாளத்தருகே ஆடு வந்தால் வண்டி நிற்க வேண்டியதுதானே. மேசை ரயிலில் அதை ஆடே அமுக்கி நிறுத்திக்கொள்ளும்.