மெர்ஜ் அண்ட் சென்டர்

'ஏழே நாளில் எக்செல் நிபுணர்' என்று பேருந்து நிலையச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரின் மாண்புமிகு நிர்வாகத்தினருக்கு,

தங்கள் பொற்கரங்களால் சான்றிதழ் வாங்கிய பழைய மாணவி எழுதுவது. நேற்று வரை நலம்.

நேற்று எங்கள் பனியன் கம்பெனி மேனேஜர், "லைன் வாரியா ஓவர்டைம் எவ்வளவுன்னு பிரிச்சுக் குடும்மா" என்றார். முந்நூறு வரி. தாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தேன். தலைப்பை மெர்ஜ் அண்ட் சென்டர் செய்தேன். லைன் பெயர்களையும் மெர்ஜ் அண்ட் சென்டர். மேலே மஞ்சள் வேறு பூசினேன், மங்களகரமாக. அப்புறம் வரிசைப்படுத்தப் போனால், மெர்ஜ் செய்த கட்டமெல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் ஆச்சு என்று எக்செல் முரண்டு பிடித்தது. டிராயரிலிருந்து கால்குலேட்டரை எடுத்து, திரையைப் பார்த்துக் கூட்டி, விடையைக் கட்டத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

பயிற்சிக்கு வந்த காலேஜ் பையன், "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க" என்றான். மெர்ஜையெல்லாம் பிரித்தான், காலிக் கட்டங்களை நிரப்பினான், கன்ட்ரோல் டி தட்டி டேபிள் ஆக்கினான், பைவட்டில் லைனை ஒரு பக்கமும் ஓவர்டைமை ஒரு பக்கமும் இழுத்துப் போட்டான். என் டீ ஆறவில்லை. எங்கே படித்தாய் என்றேன். "எங்கயும் படிக்கலக்கா. எங்க மளிகைக்கடைக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்."

தாங்களும் குறை வைக்கவில்லை. எக்செல்லில் 10,48,576 வரிகள், 16,384 நெடுவரிசைகள் என்று நோட்டில் எழுத வைத்து மனப்பாடம் செய்ய வைத்தீர்கள். அதில் ஒரு வரியிலாவது எங்களை ஒரு கணக்குப் போட விட்டீர்களா? மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எஃப் 4 தட்டினால் டாலர் குறி விழுந்து, ஃபார்முலாவை இழுத்தாலும் அந்தக் கட்டம் நகராது என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? விலுக்கப்பின் கடைசியில் ஃபால்ஸ் போடாவிட்டால் ஒருத்தி சம்பளம் இன்னொருத்தி பேரில் விழும் என்று? டோக்கன் நம்பர் 007 வெறும் 7 ஆகிவிடும், முதலில் டெக்ஸ்ட்டாக மாற்று என்று? வட்டிக்கு வாங்கிக் கட்டின 3,500 ரூபாய் ஐயா அது.

மன்னிக்கவும். தங்கள் பெருமைக்கு முன் குரல் உயர்ந்துவிட்டது.

ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த பேட்ச்சுக்கு நோட்டு வேண்டாம். சீட்டுக் கணக்கோ கடைக் கணக்கோ, அவரவர் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மெர்ஜ் செய்தால் மேல் இடது மூலையில் உள்ளது மட்டும் தங்கும், மற்றதெல்லாம் அழிந்துவிடும் என்று அந்தப் பையன் சொல்லித்தான் தெரியும். தங்கள் சென்டரோடு நான் மெர்ஜ் ஆனதிலும் தங்கியது தங்கள் கல்லாவில் விழுந்தது மட்டும்தான்.

சான்றிதழைத் திருப்பி அனுப்பவில்லை. லேமினேட் செய்திருப்பதால் மவுஸ் அதன்மேல் நன்றாக வழுக்குகிறது. பையன் வெள்ளிக்கிழமையோடு கிளம்புகிறான். பைவட் சொல்லித்தர இன்று ஆறு மணிக்கு உட்காரச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் எக்செல் நிபுணர்