மாப்ளே, பந்து பாக்கப் போறியா, ஆடப் போறியா?

வா மாப்ளே, உக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே, ராத்திரி தூங்கலையா? ஆமா, மறந்தே போச்சு. அமெரிக்காவுல அகஸ்டாவுல நடக்கிற கோல்ஃப் போட்டியில கடைசி நாள் ஆட்டம் முடியறப்ப நமக்குத் திங்கக்கிழமை விடியக்காலை நாலரை மணி ஆயிருமே. அப்பறம் கம்பெனி மீட்டிங்ல ஒரு குட்மார்னிங் சொல்லிட்டு, கேமராவை அணைச்சுப் போட்டுட்டுக் குறட்டை விட்டிருப்ப. சம்பளம் குடுக்கிற மகராசனுக்கு இது தெரியாத வரைக்கும் உனக்கு நல்ல காலந்தான்.

எங்க அக்கா சொல்லுச்சு, நீ பாக்கிறதோட நிக்காம இப்பப் பயணமும் போடுறியாம்ல. அமெரிக்கா, ஸ்காட்லாந்துன்னு ஒரு நோட்டு நெறைய எழுதி வச்சிருக்கியாம். நல்லதுதாம்ப்பா. வயசுப் பிள்ளைக நாலு ஊரு பாக்கணும். வத்தலக்குண்டுக்காரன் இவன் என்னத்தக் கண்டான்னு மட்டும் நெனச்சிராத. வாலிபத்துல கொடைக்கானல் மேட்டுல அமெரிக்கப் பாதிரிமாருக்கும் மெட்ராஸ் டாக்டர்மாருக்கும் பை தூக்கின தோளு இது. 1895லயே அங்க கோல்ஃப் கிளப் வந்தாச்சு. காட்டுமாடு வந்து புல்லுல நின்னுச்சுன்னா அது போற வரைக்கும் ஜட்ஜாயிருந்தாலும் மட்டையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்கு மெம்பரும் தெரியாது, கெஸ்ட்டும் தெரியாது. அங்க நின்ன பழக்கத்துல, ஒரு ஆளு பந்தடிக்கிற லட்சணத்தை அவன் முதுகைப் பாத்தே சொல்லிருவேன். உன்னோடதையும் பாத்துட்டேன். அதைப் பொறவு பேசுவோம்.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். நீ பாக்கப் போறியா, ஆடப் போறியா? ரெண்டுக்கும்னுதானே சொல்லப் போற? தெரியும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா அடிக்கிற பரம்பரை நம்மது. ஆனா இந்த விவகாரத்துல கல்லும் போகும், மாங்காயும் விழாது. பெரிய போட்டி நடக்கிற வாரத்துல அந்த மைதானத்துல உன்னைப் புல்லு மேல மட்டையோட நிக்க விட மாட்டான். ஊருல ரூம் வாடகை மட்டும் மலையேறி உக்காந்திருக்கும். பாக்கப் போனா வெறுங்கையோட பாக்க மட்டும் போ. ஆடப் போனா சாம்பியன் எவனும் இல்லாத நாளாப் பாத்து ஆடப் போ.

அகஸ்டாவையே எடுத்துக்க. பழைய பழமரத் தோட்டம் அது, நாத்து வளத்து வித்த எடம். பாபி ஜோன்ஸ்னு ஒரு மகா ஆட்டக்காரர் அதை மைதானமா மாத்தி, 1934லருந்து போட்டி நடத்துறாக. பதினெட்டுக் குழிக்கும் ஒவ்வொரு செடி, மரத்தோட பேரு. நீ அங்க ஆட முடியுமா? மெம்பர் ஒருத்தர் உன்னைக் கூட்டிட்டுப் போனா உண்டு. அந்த மெம்பர்ல உனக்கு யாரைத் தெரியும்? எவ்வளவு காசை நீட்டினாலும் கதவு தொறக்காது. பொம்பளைகளை மெம்பராச் சேத்ததே 2012லதான்.

சரி, பாக்கவாச்சும் போகலாம்னா அதுக்கும் குலுக்கல். முந்தின வருஷம் ஜூன் மாசமே பேரு குடுக்கணும். அடிச்சா யோகம். அடிக்கலைன்னா வெளியில எவனோ விக்கிறான்னு அள்ளிக் குடுத்து வாங்கிறாத. வாசல்ல வச்சு அது செல்லாதுன்னுட்டான்னா, கோட்டைச் சுவரைப் பாத்துட்டு வந்தேன்னு சொல்ல வேண்டியதுதான். எனக்குப் பரிந்துரை பண்ணச் சொன்னா, போட்டி நாளைக் காட்டிலும் முந்தின பயிற்சி நாள்தான் தேவலை. அன்னைக்குக் கேமரா கொண்டு போகலாம். ஆட்டக்காரனும் முகத்தை உர்ருன்னு வச்சுக்காமச் சிரிப்பான்.

ஆனா செல்போனு எந்த நாளும் உள்ள வராது மாப்ளே. அதைக் கேட்டதும் உம் மூஞ்சி சுண்டுதே! நாள் பூராப் போனில்லாம நடக்கணும், ஓடக் கூடாது. முன்னால போய் மடக்கு நாற்காலியைப் போட்டுட்டு நீ பாட்டுக்கு ஊரைச் சுத்தலாம். திரும்பி வர்ற வரைக்கும் உன் எடம் உனக்கு. நம்மூரு பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிப்பமே, அதைச் சட்டமாவே ஆக்கி வச்சிருக்கான் வெள்ளைக்காரன். சீஸ் வச்ச சான்ட்விச்சு ஒண்ணு ஒன்றரை டாலர். அங்க மலிவா கெடைக்கிறது சாப்பாடு ஒண்ணுதான், அதனால வயித்துக்கு மேல சாப்ட்டுறாத.

அகஸ்டான்னு வாயெடுத்ததும் ராபர்ட்டோ டி விசென்சோ ஞாபகம் வருது. அர்ஜென்டினாக்காரர். முந்தின வருஷம்தான் பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்சவரு. 1968 ஏப்ரல் 14, அவருக்கு 45 வயசு முடிஞ்ச பிறந்த நாளு. அன்னைக்கு வெளுத்து வாங்கினாரு. பதினேழாவது குழியில மூணே அடியில பந்தைப் போட்டாரு, ஊரே பாத்துச்சு, டிவியும் பாத்துச்சு. கூட ஆடின டாமி ஏரன் சீட்டுல எழுதுறப்ப மட்டும் மூணுக்குப் பதிலா நாலுன்னு எழுதிட்டாரு. இவரு வாசிச்சுப் பாக்காமக் கையெழுத்தைப் போட்டுட்டாரு. போட்ட கையெழுத்துதான் கணக்குன்னு சட்டம். 65 அடிச்ச மனுசனுக்கு 66. பாப் கோல்பியோட சரிக்குச் சரியா நின்னு மறுநாள் மோதியிருக்க வேண்டியவரு, ஒத்த எண்ணுல ரெண்டாவதாப் போனாரு. கோல்பி சண்டை போடாமலே ஜெயிச்சவனுக்குக் குடுக்கிற பச்சைக் கோட்டை மாட்டினாரு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நீ நேத்து ராத்திரி ஒரு ஓட்டல்ல ரூம் போட்டியாமே. ரத்து பண்ணினா ஒத்தப் பைசா திரும்ப வராதுன்னு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கான். உம் பொண்டாட்டிதான் வாசிச்சுச் சொல்லுச்சு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வாசிக்கிற ஆளு உங்க வீட்டுல ஒண்ணாச்சும் இருக்கே, சந்தோசம்.

இனி உன் ஆட்டத்துக்கு வருவோம். கோவிச்சுக்காத. நீ பையைத் தொறந்ததும் கை நேரா அந்தப் பெரிய தலை மட்டைக்கே போகுது. பந்து எங்க போகுதுன்னு உனக்குக் கவலையில்ல, எம்புட்டுத் தூரம் போகுதுங்கிறதுதான் கவலை. உனக்குன்னே ஒரு பாடம் 1999 பிரிட்டிஷ் ஓபன்ல, ஸ்காட்லாந்துல கார்னூஸ்டியில நடந்துச்சு. ழான் வான் டி வெல்டு, பிரெஞ்சுக்காரர். கடைசிக் குழியில நிக்கிறப்ப மூணு அடி முன்னணி. நாலுல முடிக்க வேண்டிய குழி. ஆறு அடிச்சாக்கூடக் கோப்பை அவருக்குத்தான். பொடிநடையாத் தட்டிட்டுப் போயிருந்தா வேலை முடிஞ்சுச்சு. மனுசன் பெரிய மட்டையை உருவினாரு.

பந்து வலப்பக்கமாப் பறந்துச்சு. தெய்வாதீனமா ஓடையில விழாமத் தப்பிச்சுச்சு. அப்பவாச்சும் புத்தி வந்துச்சா? ரெண்டாவதையும் ஒரே வீச்சாக் குழிப்பக்கம் வீசினாரு. பந்து பார்வையாளர் மேடைக் கம்பியில மோதி, ஓடைக்கரைக் கல்லுல மோதி, பின்னால வந்து முழங்காலளவு புல்லுக்குள்ள உக்காந்துச்சு. மூணாவது அடி பேரி பர்ன் ஓடைத் தண்ணிக்குள்ள. இப்பத்தான் வேடிக்கை. மனுசன் பூட்ஸைக் கழட்டி, சாக்ஸைக் கழட்டி, காற்சட்டையை மடிச்சுவிட்டு ஓடைக்குள்ள எறங்கிட்டாரு! மட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தண்ணியில நின்னு பந்தையே பாக்குறாரு. பந்து கொஞ்சங் கொஞ்சமா முங்குது. உலகமே பாத்துக்கிட்டு இருக்கு. கடைசியில ஒரு அடி தண்டனையை வாங்கிட்டு மேல ஏறி, அஞ்சாவது அடியில மணலுக்குள்ள போட்டு, ஆறுல வெளியேறி, ஏழுல முடிச்சாரு. அப்பறம் மூணு பேரு மோதினதுல, அன்னைக்குக் காலையில பத்து அடி பின்தங்கிக் கெடந்த பால் லாரி கோப்பையைத் தூக்கிட்டுப் போனாரு.

வான் டி வெல்டு ஏழு அடிச்ச குழியில நீ எம்புட்டு அடிப்பன்னு நான் சொல்ல மாட்டேன். சபையில மரியாதை முக்கியம்.

அதனாலதான் சொல்றேன், உனக்கேத்த எடம் அதே ஸ்காட்லாந்துல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ். அகஸ்டா மாதிரி மைதானமெல்லாம் பணக்காரன் கட்டின வேலிக்குள்ள இருக்கு, இது ஊருச்சொத்து. கடலுக்கும் உழவு நெலத்துக்கும் நடுவுல ஒண்ணும் வெளையாத மணல் மேடு, நம்ம கம்மாக்கரைப் புறம்போக்கு கணக்கா. அதுல ஊருச்சனம் துணி காயப் போட்டுச்சு, ஆடு மேய்ச்சுச்சு, பந்தும் அடிச்சுச்சு. அந்த ஊருல நடந்த முயல் வழக்கு உனக்குத் தெரியுமா? நோட்டுல அது இருக்காது. ஊரு சபை கடன்ல மூழ்கிப் போயி, 1797ல அந்த நெலத்தை முயல் வளக்கிறவங்களுக்கு விட்டுட்டாக. முயலு வளை தோண்டுச்சு, பந்து வளைக்குள்ள போச்சு, பந்தாடுறவன் முயலை அடிச்சான், முயல்காரன் பந்தாடுறவனை அடிச்சான். கோர்ட்டு, கேசு, அப்பீலுன்னு லண்டன் வரைக்கும் போச்சு. 20 வருசத்துக்கு மேல இழுத்து, 1821ல ஜேம்ஸ் சீப்ங்கிற நெலக்காரர் ஒருத்தர் வெலைக்கு வாங்கி ஆட்டத்தைக் காப்பாத்தினாரு. ரெண்டு அடி வரப்புக்கு மூணு தலைமுறை கேசு நடத்தின நம்ம பெரியப்பன் இருந்திருந்தா, அந்தச் சனங்களைக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பாரு.

இப்பவும் அந்தப் பழைய மைதானம் ஞாயித்துக்கிழமை பொதுவா ஆட்டத்துக்கு லீவு. ஊருச்சனம் நாயைக் கூட்டிக்கிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நடக்குது. காசு கிடையாது. நீ அங்க இருக்கிற ஸ்வில்கன் கல்லுப் பாலத்து மேல ஏறி நின்னு கையை ஆட்டிப் படம் எடுத்துக்கலாம். ஜாக் நிக்லாஸு, டைகர் வுட்ஸு மாதிரி சாம்பியனுக நடந்த கல்லு. அந்தப் படத்தை உன் கம்பெனியில காட்டினா, நீ ஆடினியா இல்லியான்னு எவனும் கேக்க மாட்டான்.

இல்ல மாமா, ஆடியே தீருவேங்கிறியா? சரி. 300 பவுனுக்கு மேல கட்டணம். ரெண்டு நாளைக்கு முன்னாடி மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள குலுக்கலுக்குப் பேரு குடுக்கணும், குறைஞ்சது ரெண்டு பேராச் சேரணும். ஒத்த ஆளா வந்தா அதுக்குத் தனிக் குலுக்கல், நேர்ல போய்ப் பேரு குடுக்கணும். அதனால ஒரு நாளு மட்டும் தங்குற திட்டம் போடாத. நாலஞ்சு நாளாவது ஊருல கெட. உன் ஆட்டத் தரத்தைக் காட்டுற ஹேண்டிகேப் அட்டை கேப்பான். உன்கிட்ட அது இருக்கா? இல்லையே! பல்லைக் காட்டினா விட மாட்டான் மாப்ளே.

உள்ள போனா நூத்துக்கு மேல மணல் பள்ளம். பதினாலாவதுல இருக்கிறதுக்குப் பேரே நரகம். 1995ல ஜாக் நிக்லாஸே அதுல மாட்டி, அந்தக் குழிக்குப் பத்து அடி அடிச்சாரு. டைகர் வுட்ஸ் 2000ல நாலு நாளு, 72 குழி ஆடியும் ஒத்தப் பள்ளத்துல விழல. நீ நிக்லாஸ் வழியிலதான் போவ, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. குளிர்காலத்துல மலிவுன்னு நவம்பர்ல கெளம்பிறாத. புல்லு கெடாம இருக்கச் சின்னப் பாயை விரிச்சு அதுமேல பந்தை வச்சு அடிக்கச் சொல்வான். பாயைச் சுருட்டிக்கிட்டுப் போறதுன்னா பழனிக்கே போகலாம்.

உம் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ. பழைய மைதானத்துக்குப் பக்கத்துலயே இமாலயாஸ்னு ஒரு எடம் இருக்கு. மேடும் பள்ளமுமாப் புல்லு, பந்தைத் தட்டித் தட்டிக் குழியில போடணும், அம்புட்டுத்தான். அந்தக் காலத்துல பொம்பளைக தோளுக்கு மேல மட்டையைத் தூக்கி வீசினா மரியாதைக் குறைச்சல்னு நெனச்சாக. அதனால 1867ல அவுக தனியாச் சங்கம் வச்சு நடத்தின புல்தரை அது. இன்னைக்கும் சங்கம் இருக்கு, வெளியூர்க்காரரும் சில பவுனு குடுத்து ஆடலாம். அங்க அவ உன்னைத் தோக்கடிப்பா. போன தீவாளிக்கு மொட்டைமாடியில அவ டம்ளருக்குள்ள பந்தைத் தட்டினதை நான் பாத்தேன்.

நோட்டை எடுத்து எழுதிக்க. 2027 ஜூலையில பிரிட்டிஷ் ஓபன் போட்டி செயின்ட் ஆண்ட்ரூஸ்லயேதான். அப்ப அங்க போனா மட்டையை வீட்டுல வச்சிட்டுப் போ. வீட்டுலருந்து பாத்தாலும் பாதகமில்ல. அகஸ்டாவாட்டம் விடிய விடிய முழிக்க வேணாம், ராத்திரி பதினோரு மணி வாக்குல முடிஞ்சிரும், மறுநாள் வேலைக்கும் போயிரலாம். ஆடணும்னா வேறொரு வருசம் மே மாசம் போ. அதுக்கு முன்னாடி ஊட்டிக்கு ஒரு நடை போயிட்டு வா. வெள்ளைக்காரன் கொண்டாந்து போட்ட மஞ்சப்பூ முள்ளுச்செடி, ஸ்காட்லாந்துல இருக்கிற அதே செடி, ஊட்டி மைதானத்துலயும் மண்டிக் கெடக்கு. அதுக்குள்ள பந்தைத் தேடிக் கையைக் கிழிச்சுக்கிட்டீன்னா, விசாவுக்குக் குடுக்கிற காசு வீணாகுமா ஆகாதான்னு உனக்கே வெளங்கிரும்.

கடைசியா ஒண்ணு. அங்க உனக்குப் பை தூக்க ஒரு ஆளு வருவான். எந்தப் பக்கம் காத்து, எந்த மட்டை, பந்து எங்க ஓடும்னு அவன் சொன்னாக் கேளு, போனைத் தடவாத. பந்தைத் தொலைச்சுட்டு அவன்மேல எரிஞ்சு விழாத. முடிஞ்சதும் பேசின கூலிக்கு மேல தாராளமாக் கையில குடு. அதுல மட்டும் கணக்குப் பாக்காத மாப்ளே.