விலைபோகாத டிஸ்க்குகளின் வீர வரலாறு

மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நாய் இரண்டு திருடர்களைக் கடித்தது. நாயின் பெயர் கோவிவன். அதன் எஜமான் கருந்தேவக்கத்தி மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்துப்போனான். நாய் நகராமல் காவல் நின்றது. ஊர்க்காரர்கள் ஒரு கல்லை நட்டார்கள், ஆளைச் செதுக்கினார்கள், பக்கத்தில் நாயையும் செதுக்கினார்கள், நடந்ததை எழுதியும் வைத்தார்கள். 1,400 வருடம் ஆகிறது. நாயின் பெயர் இன்னும் அழியவில்லை.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி சோனி கம்பெனி ‘கான்கார்டு’ என்று ஒரு கேமை வெளியிட்டது. எட்டு வருட உழைப்பு என்றார்கள். விலை 40 டாலர். செப்டம்பர் 6ஆம் தேதி சர்வரை அணைத்துவிட்டு, வாங்கினவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அந்த கேமைச் செய்த ஸ்டூடியோவுக்கும் பூட்டு. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் தீட்டுக் கழிக்கவே பதினாறு நாள் வேண்டும். இது தீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டது. டிஸ்க் மட்டும் சிலர் கையில் இருக்கிறது. அதைப் போட்டால், இல்லாத சர்வரைத் தேடிக்கொண்டு சுற்றும்.

உலக வீடியோ கேம் வரலாற்றை எழுதுகிறவர்கள் மாரியோவில் ஆரம்பித்து ஜிடிஏயில் முடிப்பார்கள். ஜெயித்தவர்களின் மெய்க்கீர்த்தி அது. தோற்றவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் செங்கத்தை ஒட்டிய எங்கள் ஜவ்வாது மலையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதுதான் நியாயம். ஏனென்றால் ஆட்டத்தில் செத்தவனுக்கு ரசீது கொடுத்த ஊர் இது. வெட்சி, கரந்தை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு கோஷ்டி ஒரு பூவைச் சூடிக்கொண்டு அடுத்தவன் மாட்டை ஓட்டி வரும். இன்னொரு கோஷ்டி வேறொரு பூவைச் சூடிக்கொண்டு அதை மீட்கப் போகும். பூதான் யூனிஃபார்ம், மாடுதான் கோப்பை. செத்தவனுக்கு ஒரு கல், மற்றவர்களுக்கு அடுத்த சீசன். பல நூறு வருடம் ஓடிய இந்த ஆட்டத்துக்கு சர்வரும் தேவைப்படவில்லை, பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை. பிறகு எல்லாரும் அதை மறந்து, கற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, என்ன சாமி என்றே தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தொல்லியல் துறையின் நாகசாமி வந்து படித்து, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமே போட்டார். கவனிப்பாரற்றுக் கிடப்பதைத் தேடி எடுக்கிற வியாதி எங்கள் பக்கத்துக்கு அப்போதே தொற்றிவிட்டது.

அதற்கு முன்பே தொற்றியது என்றும் சொல்லலாம். அறுபதுகளின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு மலைமேல் காவலூருக்கு வந்து தொலைநோக்கி வைத்தார். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது என்று உலகமே காத்திருந்தது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவர்களுக்கு, யுரேனஸ் நெருங்குவதற்கு முன்னாலேயே அந்த விண்மீன் சில விநாடி மங்கியது தெரிந்தது. அது யுரேனஸின் வளையம். அமெரிக்கர்கள் தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறந்து பார்த்தார்கள். கண்டுபிடித்த பெயரும் அவர்களோடு பறந்துவிட்டது. நாங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கேமுக்கு வருவோம். 1995இல் சேகா கம்பெனியின் மெகா டிரைவ் என்ற கேம் பெட்டி இந்தியாவுக்குள் நுழைந்தது. இறக்குமதி வரி 80 சதவீதம். அதிலிருந்து தப்பிக்க அவர்கள் கூட்டு சேர்ந்தது ஷா வாலஸுடன். ஷா வாலஸ் என்றால் சாராய வகையறாவில் பேர் போன கம்பெனி. பீர் பாட்டில் போய்ச் சேர்ந்த ஊருக்கெல்லாம் கேமும் போய்ச் சேரும் என்று நினைத்தார்களோ என்னவோ. விலை 18,000 ரூபாய். அந்தக் காசுக்கு அன்றைக்கு மலையில் ஒரு ஜோடி உழவு மாடு வாங்கி, மீதியில் ஊருக்கே கறிச்சோறு போட்டிருக்கலாம். கருந்தேவக்கத்தி உயிரை விட்டது மாட்டுக்காக. சேகாவுக்காக யாரும் ஒரு மயிரையும் விடவில்லை.

தமிழ்நாட்டில் ஜெயித்தது டூப்ளிகேட். பெட்டிமேல் ஒரு பெயர், உள்ளே நிண்டெண்டோவின் நகல், கேசட்டின் மேல் 9999 இன் 1. ஒன்பதாயிரத்துச் சொச்சம் கேமில் நாலைந்துதான் உண்மை, மிச்சமெல்லாம் அதே மாரியோ வேறு வேறு இடத்திலிருந்து கிளம்புவது. கான்ட்ரா, மாரியோ, டாங்க், வாத்து சுடுவது. இந்த நாலையும் தாண்டிய எதுவும் தமிழ்நாட்டில் அபூர்வ கேம்தான். பிறகு பிரவுசிங் சென்டர் காலத்தில் பட்டியலில் ரோட் ராஷும் வைஸ் சிட்டியும் சேர்ந்தன. பட்டியல் அதோடு முடிந்தது.

என் சேகரிப்பு ஆரம்பித்ததும் இந்தப் பட்டியலால்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் ஒரு தீபாவளிக்குப் பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றை லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தான். கூட டிஸ்க் ஒன்றும் இல்லை. மலையிறங்கி திருப்பத்தூரில் ஒரு கடைக்குப் போனோம்.

“அண்ணே, ஜிடிஏ இருக்கா?”

“வாடகைக்குப் போயிருக்கு தம்பி.”

“டபிள்யூ டபிள்யூ ஈ?”

“அதுவும் போயிருக்கு.”

“அப்ப என்னதான்ணே இருக்கு?”

கடைக்காரர் கண்ணாடி அலமாரிக்குக் கீழே குனிந்து, தூசி தட்டி, டிஸ்க் கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இதெல்லாம் ஒரிஜினல். ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். சும்மா கிடக்குது, பாதி விலைக்கு எடுத்துக்கோ.”

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அபூர்வ கேமைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். நாங்கள் தேடவில்லை. உலகம் வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டபின் மிஞ்சியது தானாக மலையேறி வந்தது.

முதலில் ‘ஹனுமான்: பாய் வாரியர்’. 2009, ஹைதராபாத் ஆரோனா டெக்னாலஜிஸ். கன்சோலுக்கென்று இந்தியாவிலேயே செய்த முதல் கேம் என்று தம்பட்டம் அடித்தார்கள். கேம் வந்த வேகத்தில் அமெரிக்காவின் நெவாடாவிலிருந்து ராஜன் செட் என்கிற இந்து சமயப் பிரமுகர் கண்டன அறிக்கை விட்டார்: பொத்தானை அமுக்கி அனுமாரை ஆட்டிவைப்பது கடவுளை இழிவுபடுத்துவதாகும், சோனி இதை வாபஸ் வாங்க வேண்டும். ஜவ்வாது மலையில் எங்கள் ஆயாவுக்கு அந்த ஆட்சேபம் இல்லை. அவளுடைய ஆட்சேபம் அதைவிட ஆழமானது. அனுமாரின் உயிர் குறையக் குறைய ஒரு கோடு தேய்வதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இன்னாடா அது?” உயிர் ஆயா, அது தீர்ந்தால் செத்துடுவார் என்றேன். “அவரு சிரஞ்சீவிடா. அவரு சாவாருன்னு உனக்கு எவன் சொன்னது?” நெவாடாக்காரருக்குத் தோன்றாத கேள்வி. இன்றுவரை என்னிடமும் பதில் இல்லை.

அதே 2009இல் வந்தது ‘தேசி அட்டா’, ஹைதராபாத் கேம் சாஸ்திரா செய்தது. கில்லி, கபடி என்று நம் ஊர் விளையாட்டுகளை டிவிக்குள் அடைத்திருந்தார்கள். வெளியே என் வயதுப் பிள்ளைகள் நிஜக் கில்லி ஆடிக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு கரண்டு செலவில் கில்லி ஆடினேன். அம்மா ஒருதரம் வந்து பார்த்தாள். திட்டவில்லை, ஆயாவிடம் போய், இவனுக்கு ஏதாவது மந்திரிக்கணுமா என்று கேட்டாள்.

‘கஜினி தி கேம்’ கதை தனி. முருகதாஸ் 2005இல் தமிழில் எடுத்து, பிறகு இந்திக்குக் கொண்டுபோன படம். 2008 டிசம்பரில் இந்திப் படத்தோடு எஃப்எக்ஸ் லேப்ஸ் செய்த கேமும் வந்தது. பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற ஆளைப் பற்றிய கேமை நாடே அதைவிடச் சீக்கிரம் மறந்தது. எனக்கு மறக்க வாய்ப்பே கிடைக்கவில்லை, ஏனென்றால் அது கம்ப்யூட்டருக்கான டிஸ்க், எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. விளையாடாத கேமுக்குச் சொந்தக்காரனாக வருடக்கணக்கில் இருந்தேன். ஊரில் எனக்கு மரியாதை கூடியது அந்த டிஸ்க்கால்தான்.

‘ரா.ஒன்’ 2011. படமே வீடியோ கேமைப் பற்றியது. அதில் கேம் தயாரிக்கிறவர் சேகர் சுப்பிரமணியம் என்ற தமிழர், நூடுல்ஸில் தயிர் ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிடுகிறார். எந்த ஜில்லாவில் இப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறேன், துப்புக் கிடைக்கவில்லை. மும்பை ட்ரைன் ஸ்டூடியோ செய்த கேம். படத்தில் கேமைவிட்டே வெளியே வந்த வில்லன் திருப்பத்தூர் கடை அலமாரியின் கீழ்த்தட்டைத் தாண்டவில்லை.

கிரீடம் ‘டான் 2’க்கு. படம் 2011 டிசம்பரில் வந்து, ஓடி, டிவியிலும் போட்டாயிற்று. கேம் வந்தது 2013இல். அதே வருடம் ஜனவரியில்தான் சோனி, உலகம் முழுக்க பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பை நிறுத்திவிட்டோம் என்று அறிவித்திருந்தது. தாலி கட்ட மாப்பிள்ளை வந்து இறங்கும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். டானுக்காகப் பதினொரு நாட்டுப் போலீஸ் காத்திருப்பதாக வசனம் உண்டு. கேமுக்காக ஒரு நாட்டிலும் ஆள் காத்திருக்கவில்லை.

இந்த டிஸ்க்குகளைக் காப்பாற்றி வைப்பதும் ஒரு வைத்தியம்தான். கீறல் விழுந்தால் பல்பொடி ஆகாது, வெள்ளைப் பேஸ்ட்தான். பழைய பனியன் துணியில் பட்டாணி அளவு எடுத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் டிஸ்க் முடிந்தது. அப்படியும் ஓடாவிட்டால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். லென்ஸுக்கு அப்போது புத்தி வரும். நடுவில் கரண்டு போய்விட்டால், 8 எம்பி மெமரி கார்டில் கடைசியாகப் பதிந்த இடத்துக்குத்தான் திரும்பிப் போகலாம். மழைக்காலத்தில் எங்கள் அனுமார் ஒரு கட்டம் தாண்டவே மாதக்கணக்கானது.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஞானம் பிறந்திருந்தது. 2015இல் லிமிடெட் ரன் கேம்ஸ் என்ற கம்பெனி, இணையத்தில் மட்டும் விற்ற ‘ப்ரீச் அண்ட் கிளியர்’ என்ற கேமைக் கையில் பிடிக்கும்படி 1,500 பிரதி மட்டும் போட்டு விற்றது. போட்டி போட்டு வாங்கினார்கள். அதாவது, வேண்டுமென்றே கொஞ்சமாகப் போட்டு அபூர்வமாக்குவது. எங்களுடையது அப்படிச் செயற்கையாக விளைந்தது அல்ல. யாரும் சீந்தாமல் இயற்கையாக அபூர்வமானது. மலைத்தேனுக்கும் பாட்டில் தேனுக்கும் விலை ஒன்றா?

சொந்தம் என்ற சங்கதியே இப்போது தகராறில் இருக்கிறது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதத்தை இன்று கடையில் வாங்க முடியாது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. காசு கொடுத்து ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு, 2024 மார்ச் 31ஆம் தேதி யூபிசாஃப்ட் சர்வரை மூடியதும் வண்டியும் இல்லை, ரோடும் இல்லை. 2025இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2வில் கேம்-கீ கார்டு என்று ஒன்று விற்கிறார்கள். கார்டு இருக்கும், அதற்குள் கேம் இருக்காது. சொருகினால், போய் இணையத்திலிருந்து இறக்கிக்கொள் என்று சொல்லும். மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தையில் நிற்கும்வரை சிக்னல் இருக்கும். எங்கள் ஊருக்குத் திரும்புகிற வளைவில் அது நம்மோடு வருவதில்லை. இத்தனை கிகாபைட்டை வளைவில் நின்றுகொண்டே இறக்க வேண்டுமென்றால் சாமை அறுவடைக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைசியாக வீட்டுக்கு வந்தது ‘வெண்பா’. கனடாவின் டொரண்டோவில் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. மறு வருடம் பாஃப்டா விருது வாங்கியது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மா, அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு, பாதி அழிந்த எழுத்து. அழிந்ததை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். உலகமே கொண்டாடிய இந்தக் கேமைப் பற்றி திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள், இலக்கணம் கேட்கிறவன் என்று தமிழய்யா வீட்டுக்கு வழி காட்டுவார்கள். வேலூரில் படிக்கிற அண்ணன் மகள் லேப்டாப்பில் இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். முதல் கட்டமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நானும் அவளும் மாற்றி மாற்றி அடுக்கிச் சொதப்பிக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

“குழிமேல குழிய வெச்சா இட்லி நசுங்காதாடா? கொஞ்சம் திருப்பி வெய்யி.”

திருப்பி வைத்தோம். வெந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

“சரி, நவுரு. இதுல சாமைச் சோறு எங்க இருக்குது?”