பரீட்சைக்குப் படிக்கும் டீச்சர்

கேள்வி: கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியர்களுக்கு இப்போது பெரிய தலைவலி எது? – வாசகி, ஆலங்குடி

பதில்: டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுதான். ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டே ஆண்டில் அதில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து 2014 தீர்ப்பு கொடுத்த விலக்கு சரியா என்ற கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. அதற்கு விடை வரும்வரை கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியர்களுக்குத் திரிசங்கு நிலை. எங்கள் தெரு டீச்சருக்கு 52 வயது. விடியற்காலையில் இட்லிக் குண்டானில் ஆவி வரும்வரை குழந்தை உளவியல் கைடைப் புரட்டுகிறார். இத்தனை வருஷம் குழந்தைகளின் மனசையே படித்தவர், பாவம்! இதில், இந்தப் பள்ளிகளில் ஜெபம் சொன்னால் மதமாற்றமா என்று சிலருக்குச் சந்தேகம் வேறு. நெற்றியில் திருநீறு பூசிவரும் பிள்ளைகளின் பெற்றோர்களும்தானே அங்கே அட்மிஷனுக்கு வரிசையில் நிற்கிறார்கள்?