தல்லாகுளத்திலிருந்து இந்திரப்பிரஸ்தத்துக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஆடிட்டர் ஆபீஸ் சீனியர் கிளார்க், தல்லாகுளம், மதுரை.

பெறுநர்: இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், இந்திரப்பிரஸ்த மார்க், புது தில்லி.

பொருள்: எங்கள் பிள்ளைகளை இன்டர்வியூவில் தேற்றுவது தொடர்பாக.

ஐயா, அம்மணி,

1949 ஜூலை 1 முதல் நாட்டின் வரவு செலவுக்குக் காவல் நிற்கும் தங்களுக்கு எழுத என்னிடம் பட்டயம் எதுவும் கிடையாது. பட்டயம் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு வவுச்சர் கட்டைப் பிரித்து அடுக்கக் கற்றுக்கொடுக்கிறவன் நான். அவர்கள் தேறி, வேலைக்குப் போய், பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் கரும்புப் படம் அனுப்புவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, பயோடேட்டா எப்படி எழுதுவது என்பதற்கெல்லாம் தாங்கள் எம்.சி.எஸ். என்று 15 நாள் வகுப்பு வைத்திருக்கிறீர்கள். போய்வந்த பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். “டீ சாப்பிடுறியாம்மா?” என்றால் முன்பெல்லாம் “சரிண்ணே” என்பாள். இப்போது என் கண்ணை நேராகப் பார்த்து, அளவாகச் சிரித்து, வாய்ப்புக்கு நன்றி சொல்கிறாள். பலவீனம் என்னவென்று கேட்டால் பலம் மாதிரித் தெரிகிற ஒரு பலவீனத்தைச் சொல்ல வேண்டும் என்பது இன்டர்வியூ சாஸ்திரமாம். “வேலையைப் பிசிறில்லாமல் முடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது” என்று எங்கள் ஆபீஸில் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். வவுச்சர் கட்டின்மேல் தலைவைத்துத் தூங்கும் பையன்கூட எழுப்பியதும் அதைத்தான் சொல்கிறான்.

தங்கள் இலச்சினையில் கருடன் இருக்கிறது. உறங்குகிறவர்கள் நடுவே விழித்திருப்பவன் என்று பொருள்படும் வாசகமும் இருக்கிறது. எங்கள் அழகரும் கருட வாகனம் ஏறுகிறவர்தான், அதனால் கருடனைப் பற்றி எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாசகம் மட்டும், செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடுவுக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு, சுற்றிக்கொண்டே இருக்கும் போர்ட்டலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

“இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?” என்பது இன்னொரு கேள்வி. 1961-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டமே 2026 ஏப்ரல் 1 அன்று புதுச் சட்டத்துக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டது. சட்டத்துக்கே தன் எதிர்காலம் தெரியாத ஊரில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளை என்னத்தைச் சொல்லும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்களிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தாள். மார்ச் 31 அன்று ஒரு மிளகாய் வத்தல் கிடங்கில் சரக்கு எண்ண அவளைத்தான் அனுப்பினோம். தும்மித் தும்மிக் கண் சிவந்து மூட்டைகளை எண்ணினாள். கடைக்காரர், “ஏம்மா, முன்வரிசைய எண்ணிட்டேல்ல? பின்னாடியும் அம்புட்டு வரிசைதான். பெருக்கிப் போட்டுக்க” என்றார். இவள், “இருக்கட்டும் அண்ணாச்சி, ஒரு ஏணி மட்டும் குடுங்க” என்றாள். ஏறிப் பார்த்தால் நாலு பக்கமும் மூட்டை, நடுவில் ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு வெற்றிடம். அண்ணாச்சி மூட்டைக் கணக்கை அங்கேயே திருத்திக் கொடுத்தார். போதாததற்கு ஜிகர்தண்டாவும் வாங்கிக் கொடுத்தார். ஜிகர்தண்டாவுக்கு ரசீது கிடைக்காததால் அதைக் கணக்கில் காட்டவில்லை.

அதே பெண் பாஸாகி, பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனாள். ஒரு பெரிய கம்பெனியில் எஸ்.ஏ. 501 என்ன சொல்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். சரக்கு எண்ணும் இடத்துக்கு ஆடிட்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லுகிற தரநிலை அது. அவளுக்கு நாக்கு தடுமாறிவிட்டது. ஏணி கேட்ட கதையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். “பயோடேட்டால அதுக்குக் கட்டம் இல்லண்ணே” என்றாள்.

எங்கள் பிள்ளைகளின் கோட், ஷூ, புன்னகை எல்லாம் இப்போது சரியாகிவிட்டன. ஆகவே தாங்கள் அடுத்தபடியாக, கேள்வி கேட்கிற பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் ஒரு 15 நாள் வகுப்பு நடத்த வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம். இடம் நாங்கள் தருகிறோம். முதல் நாள் மிளகாய்க் கிடங்கு. குரூப் டிஸ்கஷனுக்குக் கீழமாசி வீதி. பாக்கி நிலுவைக்கு ஒப்புதல் கடிதத்தில் ஒரே ஒரு வியாபாரியிடம் கையெழுத்து வாங்கிவந்தால் போதும், முழு மதிப்பெண். ஆங்கிலம்தான் அளவுகோல் என்பீர்களானால், சத்யம் கம்பெனி விவகாரம் 2009 ஜனவரி 7 அன்று வெடித்தபோது, கணக்கில் இருந்தும் கையில் இல்லாத பணம் 5,000 கோடிக்கு மேல். அங்கே தணிக்கைக்குப் போனவர்களின் ஆங்கிலத்தில் குறை இருந்ததாக இதுவரை எந்த விசாரணையும் சொல்லவில்லை.

அட்டெம்ப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் பாதி என்பது தங்கள் விதி. மற்றதிலெல்லாம் 60 வாங்கி ஒன்றில் 39 வாங்கியவன் அந்த குரூப்பில் ஃபெயில். நியாயம்தான், ஐந்தொகையும் ஒரு ரூபாய் குறைந்தால் ஒத்துப்போகாது. ஆனால் “ஏன் இத்தனை அட்டெம்ப்ட்?” என்று கேட்கும் பெரியவருக்கு, அந்த ஒரு மார்க்கைத் தேடி மாதக்கணக்கில் உட்கார்ந்தவன் தன் கம்பெனியின் காணாமல்போன ஒரு ரூபாயையும் அப்படித்தான் தேடுவான் என்று யாராவது சொல்லக் கூடாதா? 2023-இல் அழகர் ஆற்றில் இறங்கியது மே 5. தங்கள் தேர்வும் அதே வாரம். வாசலில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டம் கோவிந்தா போட, உள்ளே தேர்வுக் கணக்குப் போட்டவனுக்குக் கவனக்குறைவு என்று சொன்னால் வாய் வேகும்.

கடைசியாக ஸ்டைபெண்ட். ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்சத் தொகையை ஏற்றி இறக்கி வைத்திருக்கிறீர்கள். பெரிய ஊரில் பசி கூட என்பது பொருளாதாரமாக இருக்கலாம். மதுரை மாநகராட்சிக்கு 2011 கணக்கெடுப்பில் 10 லட்சம் சொச்சம். எதிர்சேவை அன்று தல்லாகுளம் பெருமாள் கோவில் முன்னால் வந்து எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு மாதத்துக்காவது எங்களை மும்பைப் பட்டியலில் சேர்க்கலாம். எண்ண ஆள் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளே எண்ணித் தருவார்கள். ஏணி மட்டும் தேவை. எண்ணப்போகும் நாளை அவர்களுடைய வருடத்துக்கு 12 நாள் லீவில் கழிக்கக் கூடாது.

பதில் அனுப்புவதானால் மாதத்தில் 12 அல்லது 13-ஆம் தேதி கைக்குக் கிடைக்குமாறு அனுப்பவும். 11 வரை ஜி.எஸ்.டி.ஆர்.1, 14 முதல் 2பி சரிபார்ப்பு, 20 வரை 3பி. மற்ற நாளில் வரும் தபாலை இங்கே யாரும் பிரிப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சீனியர் கிளார்க்