பை போனது, கல் போனதா?

கேள்வி: பித்தப்பையையே எடுத்த பிறகும் பித்தக்கல் என்கிறார்களே, எப்படி?

பதில்: பையில் உருவான கல் பையிலேயே கிடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிறிய கற்கள் நழுவி, கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தநீர் போகும் பொதுப் பித்தநாளத்தில் இறங்கிவிடும். பை போய்விடும், கல் நின்றுவிடும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நாளத்திலேயே புதிதாகவும் உருவாகும்.

வலது மேல்வயிற்றில் வலி, கண்ணில் மஞ்சள், அடர்நிறச் சிறுநீர், வெளுத்த மலம், உடல் அரிப்பு ஆகியவை அடைப்பின் அடையாளங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருப்பது இங்கே ஆபத்து. கல்லை எந்த இலையும் நகர்த்தாது.

ரத்தத்தில் பிலிரூபின், அல்கலைன் பாஸ்பேட்டேஸ் உயரும். அல்ட்ராசவுண்டில் நாளம் வழக்கத்தைவிட விரிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் நாளத்தின் கீழ்முனையைக் குடல்வாயு மறைத்துவிடும். 'ஸ்கேனில் கல் இல்லை' என்பதோடு நிறுத்திவிடாமல், பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. எடுப்பதே சரி.

பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. ஈ.ஆர்.சி.பி. முறையில் வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, குடலில் திறக்கும் நாளத்தின் வாயைச் சற்றே கீறி, நுண்ணிய கம்பிக்கூடையாலோ பலூனாலோ கல்லை இழுத்தெடுக்கிறார்கள். 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நாளவாயைக் கீறும் இந்த முறை அறிவிக்கப்பட்டது. கணைய அழற்சி இதன் முக்கியப் பக்கவிளைவு. பித்தப்பை இன்னும் இருந்தால் அதையும் தாமதிக்காமல் லேப்ராஸ்கோப்பியில் அகற்றுவார்கள். கல் பெரிதாகிப் பிடிகொடுக்காவிட்டால், லேப்ராஸ்கோப்பியிலேயே நாளத்தைத் திறந்து, கேமராக் குழாயால் உள்ளே பார்த்து எடுப்பதுண்டு.

மஞ்சளோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் நாளத்தில் தொற்று என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.