பிடுங்கும்போது சிரிக்கும், கொடுக்கும்போது முறைக்கும்

நல்ல செயலி எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் கேட்க விரும்புகிறவர்கள் கலிஃபோர்னியாவுக்கு விமானம் ஏற வேண்டாம். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் எந்தப் பெண்ணையும் கேட்கலாம். குழந்தைகூடப் பயன்படுத்தும் என்று உலகம் கொண்டாடும் ஐஃபோன் அங்கேதான் உருவாகிறது. அந்தப் போனுக்குச் செயலி செய்கிறவர்களுக்கு ஆப்பிள் நிறுவனம் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: விரலால் தொட வேண்டிய பொத்தான் 44 புள்ளிக்குக் குறையக் கூடாது. வாங்குகிறவரின் விரலுக்கு அவ்வளவு மரியாதை. அதே போனுக்குத் திருகு முடுக்கும் விரல் தொட வேண்டிய செயலிகள் வேறு ஜாதி.

இந்த வட்டாரத்தில் யாருக்கும் நல்ல வடிவமைப்பு என்றால் என்னவென்று தெரியாது என நினைத்துவிடாதீர்கள். ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று எந்த சிப்காட் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தாலும் 'போகா-யோகே' காதில் விழும். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1960களில் வகுத்துக் கொடுத்த முறை அது. "கவனமாக வேலை செய்" என்று போர்டு எழுதி மாட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தப்பாக மாட்டவே முடியாதபடி, பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக்கைச் செய்துவிடு என்றார். பாகத்தைத் திருப்பி வைத்தால் உட்காராது. ஒரு போல்ட் குறைந்தால் அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. அதையும் மீறிச் சந்தேகம் வந்தால் தலைக்கு மேல் ஆண்டன் விளக்கு இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், லைன் லீடர் ஓடி வருவார்.

பிழை வராமல் தடு, வந்தால் எங்கே என்று காட்டு, கூப்பிட்டால் ஆள் வரட்டும். செயலி வடிவமைப்பின் வேதமும் இவ்வளவுதான். மனிதர் தடுமாறினால் குற்றம் கருவியைச் செய்தவனுடையது என்று வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். 1993இல் ஆப்பிள் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இனி அந்த லைனில் நிற்கும் தொழிலாளி தன் பி.எஃப். பணத்தைக் கேட்கட்டும், வேடிக்கையைப் பார்ப்போம்.

பிடிக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. மாதம் பிறந்தால் 12 விழுக்காடு, சம்பளச் சீட்டில் ஒரே ஒரு வரி. முகம் காட்டச் சொல்லவில்லை, ஓ.டி.பி. கேட்கவில்லை, பெயர் பொருந்துகிறதா என்று யாரும் பூதக்கண்ணாடி பிடிக்கவில்லை. பயனருக்கு ஒரு துளி சிரமம் இல்லாத சேவை என்று விருதே கொடுக்கலாம்.

தொழிலாளி செய்ய வேண்டிய பக்கத்திலோ, கணக்கு தொடங்குவதிலேயே கண்டம் ஆரம்பம். 2025 ஆகஸ்ட் 1 முதல் யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண்ணைப் புதிதாகப் பெற மத்திய அரசின் உமங் செயலியில் முகம் காட்ட வேண்டும். உமங்கை இறக்கினால் மட்டும் போதாது, ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்ற இன்னொன்றையும் இறக்க வேண்டும். விடுதி அறையின் மங்கிய டியூப்லைட்டில், கீறல் விழுந்த கேமராவுக்கு முன்னால், நைட் ஷிஃப்ட் முடித்துச் சிவந்த கண்ணை வட்டத்துக்குள் கொண்டுவந்து சிமிட்ட வேண்டும். "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று போன் கத்துகிறது. ஊர்த் திருவிழாவில் எடுத்த படங்களை அழித்து, டிஜிட்டல் இந்தியாவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறார் குடிமகள்.

அடுத்து பெயர். ஊரில் அவர் மு. செல்வி. ஆதாரில் 'செல்வி எம்'. பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து 'முருகேசன் செல்வி'. காண்ட்ராக்டர் ஆபீஸ் பையன் அவசரத்தில் அடித்தது 'எம்.செல்வி', புள்ளியோடு. கல்யாணத்துக்குப் பின் தொடங்கிய வங்கிக் கணக்கில் 'செல்வி ரமேஷ்'. ஐந்தும் ஒரே ஆள் என்று விடுதி வாட்ச்மேனுக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. "நேம் மிஸ்மேட்ச்" என்று கதவைச் சாத்துகிறது. பக்கத்துச் செங்கல்பட்டில்தான் 1929இல் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஆன்லைன் படிவங்களில் 'லாஸ்ட் நேம்' என்ற பெட்டி சிவப்பு நட்சத்திரத்தோடு வந்து நின்று, வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று விசாரிக்கிறது. தமிழர்கள் இனிஷியல் போடுகிறவர்கள் என்பது வேற்றுக்கிரக ரகசியமா? ஏழு கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலத்தின் பெயர் வழக்கத்துக்கு ஒரு பெட்டி ஒதுக்க முடியாதவர்கள், சிமிட்டும் கண்ணை மட்டும் துல்லியமாக அளந்துவிடுகிறார்கள்.

2022-23ஆம் ஆண்டில் இறுதித் தொகை கேட்டு பி.எஃப். அமைப்புக்கு வந்த ஏறத்தாழ 74 லட்சம் விண்ணப்பங்களில் ஏறத்தாழ 25 லட்சம் நிராகரிக்கப்பட்டன. மூன்றில் ஒன்று! ஒரகடத்தில் ஒரு கார் லைனில் மூன்று வண்டிக்கு ஒன்று ரிஜெக்ட் ஆனால் என்ன நடக்கும்? லைனை நிறுத்துவார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஜப்பானிலிருந்து ஆள் வருவான். பிளான்ட் மேனேஜர் தன் நாற்காலியைத் தேட வேண்டியிருக்கும். வண்டி வாங்க வந்தவரைப் பார்த்து, "உமக்குச் சரியாக வாங்கத் தெரியவில்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே அதைத்தான் சொல்கிறார்கள், நாளெல்லாம், லட்சக்கணக்கானவர்களிடம். பாஸ்புக் படம் மங்கல் என்று விண்ணப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் ஒரு நாள், அந்தப் படமே இனி தேவையில்லை என்று அறிவித்தார்கள். அதுவரை அந்தப் படத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? அதற்கும் ஏதாவது படிவம் இருக்கும்போல.

ஓ.டி.பி. கதை தனி. ஆதார் ஓ.டி.பி. பத்து நிமிடம் உயிரோடிருக்கும். லைனுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாத ஆலைகளில் போன் எட்டு மணி நேரம் லாக்கரில் கிடக்கும். போனைத் தயாரிக்கிறவரின் கையில் போன் இருக்கக் கூடாது, ஆனால் அவருடைய உரிமைகள் எல்லாம் போனுக்குள்தான் இருக்க வேண்டும். என்ன அழகான ஏற்பாடு!

ஆண்டன் விளக்கு? இந்த வட்டாரத்துத் தொழிலாளிக்குக் கம்பெனிக்கு வெளியே அப்படி ஒன்று கிடையாது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் கிடந்தபோது, சுங்குவார்சத்திரத்தில் ஐஃபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் எந்தச் செயலியில் புகார் பதிந்தார்கள்? நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். லாரிகள் நின்றன, கலெக்டர் வந்தார், உலகப் பத்திரிகைகள் வந்தன, ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. தார்ச்சாலைதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பொத்தான். அமுக்கினால் ஆள் வந்தது.

அப்படியானால் இவர்களுக்கென்று நல்ல செயலியே யாரும் செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள், தேன் மாதிரி! முகத்தைக் காட்டிய நொடியில் வருகையைப் பதிந்து, ஐந்து நிமிடத் தாமதத்துக்குச் சம்பளத்தில் கை வைக்கும் அட்டெண்டன்ஸ் கருவியைப் பாருங்கள். அங்கே மங்கிய டியூப்லைட் ஒரு தடையே இல்லை. கடன் செயலியைப் பாருங்கள். பெயரில் புள்ளி இருக்கிறதா என்று அது கேட்டதே இல்லை. மூன்று தட்டு, பணம் கணக்கில். தவணை தவறினால் போனில் உள்ள அத்தனை பேருக்கும் அழைப்பு போகும். ரிசர்வ் வங்கியின் குழு 2021இல் எண்ணிப் பார்த்தபோது சட்டவிரோதக் கடன் செயலிகள் மட்டும் 600 இருந்தன. அவற்றுக்குத் தமிழும் தெரியும், ஒடியாவும் தெரியும், மாதக் கடைசியும் தெரியும். ஆக, திறமைக்குப் பஞ்சமில்லை. பிடுங்குகிற வேலை என்றால் வடிவமைப்பாளனுக்கு மூளை மின்னுகிறது. கொடுக்கிற வேலை என்றால் சர்வர் பிசி.

நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புத் தந்திரங்கள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டு, 2023 நவம்பரில் மத்திய அரசு அவற்றுக்குத் தடை போட்டது. நல்ல காரியம். பதினான்காவதை நான் சொல்கிறேன்: உரிமையுள்ள பணத்தைக் கேட்கிறவர் சலித்துப்போய்த் தாமே விலகும்வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பது.

இதற்கிடையில் செயலியின் நிஜமான முகப்பு ஒரகடம் கூட்டுரோட்டு ஜெராக்ஸ் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. "பி.எஃப். எடுத்துத் தரப்படும்" என்ற ஃபிளெக்ஸ். மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் வரிசையாக யு.ஏ.என்., பாஸ்வேர்டு, ஆதார் எண், போன் நம்பர், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். தகவல் பாதுகாப்புக்காகக் கண்ணைச் சிமிட்டச் சொன்னவர்கள் இந்த நோட்டைப் பார்த்தால் கண்ணையே மூடிக்கொள்வார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். "உன் இனிஷியல்தான் இடிக்குது, அதை மாத்தணும், பழைய காண்ட்ராக்டரைப் பாரு" என்று ஒரே மூச்சில் சொல்கிறார். என்ன தப்பு, யார் திருத்த வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. கோடிகள் கொட்டிய திரைக்கு வராத வாசகம் அது.

கேட்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. வேலைக்குச் சேரும் அன்றே பெயர் பொருந்தாவிட்டால் அன்றே சொல்லுங்கள், முதல் பிடித்தத்துக்கு முன்னால். பத்து வருடம் பிடித்துவிட்டு, கொடுக்கும் நாளில் கண்டுபிடிக்காதீர்கள். நிராகரித்தால் காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். வெளியிடும் முன் ஏ.சி. அறையில் சோதிக்காமல், நைட் ஷிஃப்ட் பஸ்ஸில் எட்டாயிரம் ரூபாய்ப் போனில் சோதியுங்கள்.

கடைசியாக, புதிதாக எழுத வேண்டாத ஒரு விதி இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் பி.எஃப். திட்டம், 72ஆவது பத்தி: எல்லா வகையிலும் முறையாக உள்ள விண்ணப்பத்தை 20 நாளுக்குள் தீர்க்காமல், தக்க காரணமின்றித் தாமதித்தால் 12 விழுக்காடு அபராத வட்டி விதிக்கலாம், அதை ஆணையரின் சம்பளத்திலேயே பிடிக்கலாம். அதனால்தான் நிராகரிப்பு இவ்வளவு இனிக்கிறது போலும். திருப்பி அனுப்பிவிட்டால் விண்ணப்பம் முறையாக இல்லை என்றாகிவிடும், இருபது நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. அந்தப் பத்திக்குச் செயலியில் ஒரு பொத்தான் வையுங்கள். இருபத்தொன்றாம் நாள் தொழிலாளி அதைத் தொடட்டும், பிடித்தம் ஆணையரின் சம்பளச் சீட்டில் ஏறட்டும். அடுத்த மாதமே இந்தியாவின் மிக எளிய செயலி எதுவென்று நாடு பேசும்.